‘நல்லா இருக்கேன்’ என்பதை நம்பாத அம்மையாருக்கு

பேரன்பும் பெருங்கோபமும் ஒருசேரப் பெற்ற பெருமாட்டியே! மொழிகள் பலவும் முட்டி மோதும் இம்மருத்துவமனையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் முறுக்குக் குறையாமல் முழங்கிய மூத்த மொழிபெயர்ப்பாளரே! கடிந்து பேசும் வாயும் கனிந்து கேட்கும் காதும் ஒரே முகத்தில் வாய்க்கப்பெற்றவரே! கதவை அறைந்து சாத்துவதில் இக்கட்டடம் இதுவரை கண்டிராத கைவன்மை கொண்டவரே! எங்கள் அக்காவே! வணக்கம்.

வணக்கத்துக்குப் பிறகு ஒரு சிறு அறிவிப்பு. இந்தப் பிரியாவிடை மடல் சென்ற வாரமே நிர்வாக அலுவலகத்தின் பார்வைக்குச் சென்று, சிவப்பு மையால் சில பத்திகள் அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. முன்வரிசையில் வீற்றிருக்கும் நிர்வாக அதிகாரி ஐயா அவர்கள் தம் கையிலுள்ள நகலோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திகைக்க வேண்டாம். பக்கம் எதுவும் தவறிவிடவில்லை. அவர்கள் அடித்ததையெல்லாம் நாங்கள் திரும்பச் சேர்த்துக்கொண்டோம். அவர்கள் விட்டுவைத்தவற்றில் சிலவற்றை நாங்களே அடித்துவிட்டோம், படிக்கப் படிக்கக் கொட்டாவி வந்ததால். இதை எழுதியவனும் உரக்கப் படிப்பவனும் ஒருவனே. நம் மொழிபெயர்ப்புப் பிரிவிலேயே நாக்கு நீளமானவன் என்று அக்காவே பட்டம் சூட்டியவன். பழி வந்தால் அவனோடு போகட்டும் என்று சொல்லியிருப்போம்; ஆனால் மற்றவர்கள் அதற்கு ஒப்பவில்லை. ஆகவே இனி வருவன அனைத்தும் ‘நாங்கள்’ சொல்வன.

சொல்லின் செல்வியே! தரைத்தளத்துக்கும் கீழே, சலவைக்கூடத்தின் நீராவிக் குழாய் கூரையோரமாகச் சென்று சொட்டும் அறையே நம் பிரிவு. சன்னல் வழியே பார்த்தால் தெருவில் நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். அந்தக் கால்களைப் பார்த்தே, “இது மூணாவது மாடிக்குப் போற கால், பயந்து நடக்குது பாரு” என்று சொல்லிவிட்டு, மொழிபெயர்க்க அழைக்கும் தொலைபேசி மணி அடிக்கும் முன்பே எழுந்து நின்றவர் நீங்கள். பாதி நேரம் அந்தக் கணிப்பு தப்பாகவே இருக்கும். அந்தக் கால் உள்ளே வராமல் நேராகப் போய் வெற்றிலை பாக்குக் கடையில் நிற்கும். அப்போதும், “நான் சொன்னது நாளைக்கு வரும்” என்று சமாளித்த சாமர்த்தியத்தை எந்தச் சான்றிதழில் எழுதுவது?

அந்த அறைக்குள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த எங்கள் ஒவ்வொருவரையும் நீங்கள் வரவேற்ற விதம் உலகில் வேறெங்கும் இல்லாதது. பெயர் கேட்கவில்லை. படிப்புக் கேட்கவில்லை. தேநீர்கூடத் தரவில்லை. “உங்க மொழியில மரியாதைக்குப் பொய் எப்படிச் சொல்லுவாங்க?” என்று கேட்டீர்கள். நாங்கள் திருதிருவென்று விழித்தோம். “நலமான்னு கேட்டா, உயிரே போற வலியில இருக்கிறவன் உங்க ஊர்ல என்ன பதில் சொல்லுவான்? அதைச் சொல்லு முதல்ல. அகராதியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.”

அப்படித்தான் நம் அறையில் அந்தப் பட்டியல் வாய்மொழியாகவே வளர்ந்தது. அரபு பேசுகிறவரை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், கால் முறிந்து கட்டிலில் கிடந்தாலும், இறைவனுக்கே புகழ் என்பார். சீனத்துப் பெரியவர்கள் சிலர் நலம் விசாரிப்பதே சாப்பிட்டாயிற்றா என்றுதான். வோலோஃப் என்று ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு மொழி. அதில் எப்படி இருக்கிறாய் என்றால் இங்கேதான் இருக்கிறேன் என்பதே பதில், வீட்டார் எப்படி என்றால் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதே பதில். இதற்கெல்லாம் நேர்மாறாக, எங்கள் போலந்துக்கார நண்பரின் மொழியில் நலமா என்றால், பழைய கஷ்டம்தான் என்று சலித்துக்கொள்வதுதான் மரியாதையாம். நன்றாக இருக்கிறேன் என்று துள்ளிச் சொன்னால்தான் அவருக்கு ஏதோ கோளாறு என்று அர்த்தமாம். “அப்ப அவர் புலம்பினா விட்டுடு, சிரிச்சா டாக்டரைக் கூப்பிடு” என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு அந்த நண்பர் மூன்று நாள் உங்களோடு பேசவில்லை.

தாய்மொழிக்கும் தயவு காட்டாத தகைமையாளரே! வேற்று மொழிக்காரர்களை மட்டும்தான் நீங்கள் சந்தேகப்பட்டீர்கள் என்று யாரும் எண்ணிவிடலாகாது. லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அந்தப் பெரியவரை இந்த அவையில் பலருக்கு நினைவிருக்கும். குடலிறக்க அறுவைக்காகச் சேர்ந்தவர். நம்மைப் போலவே தமிழ் பேசுபவர். காலையில் செவிலிப் பெண், “ஐயா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். வெறும் வயிறாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. பெரியவர் சிரித்த முகத்தோடு, “ஆச்சும்மா. நீ சாப்பிட்டியா?” என்றார். அறுவை தள்ளிப்போனது. மறுநாளும் அதே கேள்வி, அதே சிரிப்பு, அதே “ஆச்சும்மா.” மறுபடியும் தள்ளிப்போனது. அவர் ஏதோ ஒளித்துவைத்துத் தின்கிறார் என்று தலையணைக்கு அடியில்கூடத் துழாவினார்கள்.

அந்தப் பக்கமாகப் போன நீங்கள், யாரும் அழைக்காமலே உள்ளே புகுந்து, முக்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தீர்கள். “மரியாதையெல்லாம் போதும் ஐயா. வயித்துல என்ன இருக்கு?” என்றீர்கள். “ஒண்ணுமே இல்லம்மா. ரெண்டு நாளா ராத்திரியிலேர்ந்து மதியம் வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படல.” “அப்புறம் ஏன் ஆச்சுன்னு சொன்னீங்க?” “இல்லன்னு சொன்னா அந்தப் பொண்ணுக்குச் சங்கடமா இருக்காதா? ஏதாச்சும் கொண்டாரணுமேன்னு ஓடுமே, பாவம்.” தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்த நாள் அது. அன்றுதான் நம் பிரிவின் சட்டம் பிறந்தது. முதல் பதில் மரியாதை. இரண்டாவது பதில்தான் பதில். முதல் கேள்வியை நின்றுகொண்டு கேட்கலாம். இரண்டாம் கேள்வியை உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். எங்கும் எழுதிவைக்கப்படாத இந்தச் சட்டத்தை நாங்கள் எல்லோரும் முக்காலியோடு சேர்த்துச் சுமந்து திரிந்தோம்.

வாயிற்காவலர் அண்ணனும் இந்தச் சட்டத்துக்குத் தப்பவில்லை. குணமாகி வீடு திரும்புகிறவர்களிடம் அவர் வழக்கமாக, “போயிட்டு வாங்க” என்பார். ஒரு நாள் ஒரு நோயாளியின் மாமியார் திரும்பி நின்று, “ஏன்யா, மறுபடியும் வேற வரணுமா இங்க?” என்று அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டார். அண்ணன் முகம் தொங்கிப்போய் நம் அறைக்கு வந்தார். காலங்காலமாக ஊரே சொல்லும் சொல்லை இந்த வாசலில் மட்டும் எப்படி விழுங்குவது என்பது அவர் கவலை. “பார்த்துப் போங்க, நல்லபடியா இருங்கன்னு சொல்லுண்ணே. வாசலுக்கு ஏத்த மாதிரிதான் வார்த்தை” என்றீர்கள். அன்று முதல் அவர் அப்படித்தான் சொல்கிறார்.

இனி வருவது சிவப்பு மையில் அடிக்கப்பட்ட பகுதி. ஐயா அவர்கள் விரும்பினால் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளலாம்.

அஞ்சுதல் அறியா அம்மையீர்! ஆறு ஆண்டுகளுக்கு முன், அறுவைப் பிரிவின் காலைச் சுற்றில், வோலோஃப் பேசும் ஒரு பெண்ணின் கட்டில் முன் தலைமை அறுவை மருத்துவர் நின்றார். துணி ஆலையில் இஸ்திரி போடும் பெண். பித்தப்பை எடுத்து, புண் நன்றாக ஆறியிருந்தது. அன்று அவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வெளியே வேறு நோயாளிகள் கட்டிலுக்காகக் காத்திருந்தார்கள். அதுவும் உண்மைதான், மறைக்க மாட்டோம். “எப்படி இருக்கீங்கன்னு கேளுங்க” என்றார் மருத்துவர். நீங்கள் கேட்டீர்கள். அவள் சொன்னாள். நீங்கள் மருத்துவரிடம் திரும்பவில்லை. முக்காலியை இழுத்தீர்கள். உடம்பைக் கேட்டீர்கள், அம்மாவைக் கேட்டீர்கள், அக்கா தங்கைகளைக் கேட்டீர்கள், மழை பெய்ததா என்று கேட்டீர்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மருத்துவர் பொறுமை இழந்தார். “அவங்க என்னதான் சொல்றாங்க?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல டாக்டர். இப்பதான் வணக்கம் முடிஞ்சிருக்கு.”

அறுவைப் பிரிவில் அந்த வாக்கியத்தை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஊரிலிருக்கும் வீட்டாரெல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள், சரி. இந்த ஊரில் உன் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவள் அழுதாள். அவள் படுத்திருந்த நாட்களில் ஆலைக்காரர்கள் அவள் இடத்துக்கு வேறொருத்தியை வைத்துவிட்டார்கள். தங்கியிருந்த அறையைப் பூட்டி, பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டார்கள். இங்கிருந்து கிளம்பினால் பேருந்து நிறுத்தத்துப் பலகைதான் அவளுக்கு வீடு. வயிற்றில் தையலோடு! இத்தனையும் அந்த ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்ற மரியாதைக்குப் பின்னால் இருந்தது.

மருத்துவர் கெட்டவர் அல்லர். “இது மருத்துவம் இல்லையே, நான் என்ன பண்ணட்டும்?” என்றார். நியாயமான கேள்விதான். “நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். இன்னைக்குக் கையெழுத்துப் போடாம இருங்க, அது போதும்” என்றீர்கள். அவர் போடவில்லை. மகளிர் விடுதியில் ஓர் இடம் கிடைக்கும்வரை அந்தப் பெண் அதே கட்டிலில் இருந்தாள். அந்த மருத்துவர் இன்று இந்த அவையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஏன் வந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. வந்தமைக்கு நன்றி; இதையெல்லாம் கேட்ட பிறகும் எழுந்து போகாமல் இருப்பதற்குக் கூடுதல் நன்றி.

கட்டில் கணக்குப் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த வாரமே குறிப்பாணை வந்தது. நோயாளி தாமாகக் கூறாதவற்றைக் கேட்டு வரவழைத்த குற்றத்துக்கு விளக்கம் தருக! அக்காவே, நாங்கள் அனைவரும் கூடி அந்த வரியைப் படித்துப் படித்துப் பார்த்தோம். கேட்டு வரவழைத்த குற்றம்! ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னீர்களா? இல்லை. ஒரு சொல்லைக் குறைத்தீர்களா? இல்லை. உட்கார்ந்து கேட்டீர்கள், அதுதான் குற்றம். வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதினால் கோப்பை மூடிவிடுவதாக அன்று சொன்னார்கள். உங்கள் பதவி உயர்வுக்கு முறை வந்த ஆண்டும் அதையே சொன்னார்கள். போன திங்கட்கிழமை, பிரியாவிடை விழாவுக்கு முன் மனக்கசப்பு எதற்கு என்று தேன் தடவி மீண்டும் சொன்னார்கள். மூன்று முறையும் உங்கள் பதில் ஒன்றே. “எனக்கு வருத்தம் இருந்தா எழுதித் தர்றேன். இருக்கான்னு ரெண்டாவது தடவை கேட்டுப் பாருங்க.” அவர்கள் கேட்கவில்லை. கோப்பு மூடப்படவில்லை. மூடப்படாத கோப்போடு ஓய்வு பெறும் முதல் மொழிபெயர்ப்பாளர் என்ற பெருமையை உங்களுக்கு அளித்தமைக்காக நிர்வாகத்துக்கு எங்கள் மனமார்ந்த நன்றி!

இனித்தான் முக்கியமான செய்தி. நீங்கள் இந்த வாசலைத் தாண்டியதும் வரும் முதல் தேதியிலிருந்து புதுச் சுற்றறிக்கை நடைமுறைக்கு வருகிறது. மொழிபெயர்ப்பாளர் நோயாளி சொன்னதைச் சொன்னபடி ஒரு முறை சொல்ல வேண்டும். தாமாக எந்தக் கேள்வியும் கேட்கலாகாது. மீறினால் பணி நீட்டிப்புக் கிடையாது. படித்து ஏற்றுக்கொண்டேன் என்று ஒவ்வொருவரும் கையொப்பமிட்டுத் தர வேண்டுமாம். எங்களில் பாதிப் பேர் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பில் இருப்பவர்கள் என்பது சுற்றறிக்கையை எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அக்கா போய்விட்டால் இவர்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கணக்குத் தப்பு என்று இந்த அவை அறிய, ஒலிபெருக்கி அறிய, உரக்கச் சொல்கிறோம். எங்களில் ஒருவரும் அந்தச் சுற்றறிக்கையில் கையொப்பமிடவில்லை. இடவும் மாட்டோம். அரபு பேசுகிறவர் இறைவனைப் புகழ்ந்தால் நாங்களும் சேர்ந்து புகழ்வோம். பிறகு உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்போம். தமிழ்க்காரர் ‘ஆச்சும்மா’ என்றால் சிரிப்போம்; பிறகு உட்கார்ந்து, வயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்போம். இங்கேதான் இருக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால், எங்கே போகப்போகிறாய் என்று கேட்காமல் எழுந்திருக்க மாட்டோம். எங்கள் முக்காலிகளை வேண்டுமானால் பறிமுதல் செய்துகொள்ளட்டும். தரையில் உட்கார்ந்து கேட்போம். கேட்டதற்காக வேலை போனால், வாசலில் நின்று கேட்போம்; வாயிற்காவலர் அண்ணன் எங்களுக்கு இடம் ஒதுக்கித் தருவதாக ஏற்கெனவே வாக்களித்துவிட்டார். பயமாக இல்லையா என்று கேட்டால், பயமாகத்தான் இருக்கிறது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் எங்களுக்கும் உண்டு. பயத்தோடுதான் சொல்கிறோம். மாட்டோம்.

இல்லறம் போற்றும் இன்முகத்தாரே! இன்முகம் என்றதும் உங்கள் கணவர் அங்கே தலையைக் குனிந்து சிரிப்பது இங்கிருந்து தெரிகிறது. பேருந்துப் பணிமனையில் இயந்திரங்களோடு பழகிய அந்த நல்ல மனிதர், “எஞ்சின்கூட ஒரு தடவை உறுமினா விட்டுடுவேன். இவ என்னைத் தலைவலின்னு சொன்னாலும் விடமாட்டா, நல்லா இருக்கேன்னு சொன்னாலும் விடமாட்டா” என்று எங்களிடம் அங்கலாய்த்ததுண்டு. உங்கள் மருமகன் தொலைபேசியை எடுத்ததும் நலமாக இருக்கிறேன் என்பதை இரண்டு முறை சேர்ந்தாற்போல் சொல்லிவிடுகிறாராம், கேள்வியை மிச்சப்படுத்த. ஆனால் போன வாரம் உங்கள் கணவர் நம் அறைக்கு வந்தபோது அங்கலாய்க்கவில்லை. நீராவிக் குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: “கேட்டா, எனக்கென்ன, நல்லா இருக்கேன்ங்கிறா. ஆனா காலையில டீயைப் போட்டு முன்னாடி வச்சுக்கிட்டு, ஆறிப்போற வரைக்கும் அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. நான் ரெண்டாவது தடவை கேட்டா, போய் வேலையைப் பாருங்கன்னு கத்துறா.”

நாங்களும்தான் பார்த்தோம். இந்த மாதம் முழுக்க, பிரிவு பிரிவாக, மாடி மாடியாக எல்லோரும் உங்களை விசாரித்தார்கள். இனி ஜாலிதான், ஓய்வுதான், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லோரிடமும் நீங்கள் ஒரே பதிலைச் சொன்னீர்கள். எல்லோரும் அதை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை.

நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் நிலைத்த மகிழ்வும் பெற்று நீங்கள் வாழ வேண்டும் என்று வாழ்த்துவது இம்மடலின் மரபு; வாழ்த்துகிறோம். கோபம் குறையாமல், குரல் கம்மாமல், கதவுகள் அதிர அதிர வாழுங்கள்! கொரிய மொழியில் போகிறவருக்குச் சொல்லும் விடை வேறு, இருக்கிறவருக்குச் சொல்லும் விடை வேறு. நலமாகப் போங்கள் என்று நாங்கள் சொல்ல, நலமாக இருங்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆனால் வாயிற்காவலர் அண்ணன் இதற்கு உடன்படவில்லை. இன்று மாலை அக்கா வாசலைக் கடக்கும்போது மட்டும் பழைய சொல்லையே சொல்லப்போகிறாராம். “எல்லாரையும் வர வேண்டாம்னு அனுப்புறேன். அக்கா வரணும்” என்கிறார். அதுவே எங்கள் தீர்மானமும் ஆகும்.

இம்மடல் சட்டமிடப்பட்டு உங்கள் கூடத்தில் தொங்கும். வாழ்த்துக்கும் கையொப்பங்களுக்கும் நடுவே ஒரு கை அகலம் வெற்றிடம் விட்டிருக்கிறோம். அச்சகத்தின் பிழை அன்று. படிப்பவன் இத்தோடு ஒலிபெருக்கியை அணைக்கிறான். அவையினர் பொறுத்துக்கொள்ள வேண்டும், இனி வருவது அவர்களுக்கானது அல்ல. மேடையில் நிற்கும் நாங்கள் அனைவரும் இப்போது உங்கள் நாற்காலியைச் சுற்றி, உங்கள் முகத்துக்கு நேராக, தரையில் உட்காருகிறோம்.

அக்கா, எப்படி இருக்கீங்க?

சொல்லிடுங்க. மரியாதைக்குச் சொல்ல வேண்டியதை முதல்ல சொல்லி முடிச்சிடுங்க. நாங்க காத்திருக்கோம், எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல.

ம். இப்பச் சொல்லுங்க அக்கா. எப்படி இருக்கீங்க?



இங்ஙனம்,
சுற்றறிக்கையில் இடாத கையொப்பத்தை இங்கே இட்டிருக்கும்
மொழிபெயர்ப்புப் பிரிவினர் அனைவரும்,
பிரிவைச் சேராதவராயினும் பிடிவாதமாகப் பேனாவைப் பிடுங்கிக் கையொப்பமிட்ட வாயிற்காவலரும்